பின் பம்பரில் கேட்ட ஒரு தட்டு

குமரேசா,

நான் சொல்லச் சொல்ல உன் தங்கை மலர் எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு படிக்கவும் மட்டும்தான் வரும் என்பது உனக்குத் தெரியும். "பேசற மாதிரியே எழுதட்டுமாப்பா, இல்ல புஸ்தகத்துல கீற மாதிரியா?" என்று கேட்டாள். புத்தகத்தில் இருப்பது போலவே எழுதும்மா என்றேன். என் பேச்சில் போனால் நடுவில் எங்கேயாவது சிரித்து மழுப்பிவிடுவேன். பதினொன்றாவது படிக்கிற பெண். கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் படிக்கிறவள். நான் ஒரு வார்த்தையை விழுங்கினாலும் "அப்புறம் இன்னா ஆச்சு?" என்று பிடித்துக்கொள்கிறாள். அதற்காகத்தான் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

நேற்று களமருதூரில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. உனக்கு நிச்சயித்த பெண். நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன பிறகும் தை பிறக்கும் வரை காத்திருந்தார்கள். கார்த்திகையில் ஒரு முறை அவளுடைய அப்பா நம் வீட்டுக்கு வந்து, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே, "தம்பி மனசு மாறுமான்னு பாக்கறோங்க. எங்க பொண்ணும் வேற எடம் வேணாம்னுதான் சொல்லிகினு கீது. எத்தினி நாளுக்கு நாங்க பாக்கறது?" என்றார். அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவரே ஓசூருக்குப் பஸ் ஏறி வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. சொல்லவில்லை. ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் சொல்லலாம் என்று இருந்தேன். இனிமேல் சொன்னால் ஒன்றும் ஆகாது என்று ஆன பிறகு சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். உன் அப்பன் அப்படிப்பட்ட ஆள்தான் என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டு மேலே படி.

போகும்போது நீ சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "பின்னாடி ஒரு ஆளு நிக்கிறதப் பாக்காம வண்டிய எடுத்தவன் நானு. ஒரு பொண்ண நான் எப்படிப் பாத்துக்கப் போறேன்?" இப்போது ஓசூரில் ஏதோ குடோனில் பெட்டி அடுக்குகிறாய் என்றும், சைக்கிளைக்கூடத் தொடுவதில்லை, எங்கும் நடந்தே போகிறாய் என்றும் மலர் சொன்னாள். அவளுக்கு மட்டும்தான் நீ பதில் போடுகிறாய். என் போனை எடுப்பதில்லை. எடுக்காதது சரிதான்.

பழைய ஜீப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். இருபத்திரண்டு வருஷம் வெள்ளிமலை ரோட்டில் நான் ஓட்டிய ஜீப், சங்கராபுரத்து முதலாளி ஒருவருடையது. உள்ளே பத்துப் பேர், மேலே மூட்டை, பின் பம்பரில் நாலு பேர் நின்றபடி. அது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸை விட்டால் மலைக்காரர்களுக்கு நடைதான் என்பதும் தெரியும். அந்தப் பம்பர் கனத்த இரும்பு. சேஸிஸோடு சேர்த்துப் பற்றவைத்தது. ஆனை ஏறினாலும் ஆடாது. அதில் நிற்கிறவர்கள் பக்கத் தகரத்தில் கையால் தட்டுவார்கள். இரண்டு தட்டு என்றால் போகலாம். ஒரு தட்டு என்றால் நிறுத்து. உனக்கு ஏழு வயதில், பள்ளி லீவு விட்டிருந்த நாளில், வெள்ளையன் உன்னைப் பம்பரில் தனக்கு முன்னால் நிறுத்தி, இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்துக்கொண்டு வந்தான். கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது ஒரு தட்டு கேட்டது. அந்த ஏற்றத்தில் நிறுத்தினால் மறுபடி இழுக்காது. ஆனாலும் நிறுத்திக் கல் முட்டுக் கொடுத்து, இறங்கி ஓடி வந்தேன். நீ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, "சும்மா தட்டிப் பாத்தேம்பா, நீ நிக்கிறியான்னு" என்றாய். உன் கன்னத்தில் ஒன்று விட்டேன். "ஒரு தட்டுன்னா உசுருடா. வெளாட்டுக்குத் தட்டக்கூடாது" என்றேன். வெள்ளையன் உன்னை முந்தானைக்குள் ஒளிப்பது போலத் தன் துண்டுக்குள் இழுத்துக்கொண்டு, "உடு டிரைவரே, புள்ள பரிச்ச வெச்சுப் பாத்துக்குது. நீ பாஸாயிட்ட. இனிமே பயமில்லாம ஏறுவோம்" என்றான்.

வெள்ளையன் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை வெள்ளிமலை ஜீப் ஸ்டாண்டு டீக்கடையிலும் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்; தெரியாதவர்களும் படிப்பார்கள். மலையில் இரண்டு ஏக்கரில் சாமையும் மரவள்ளியும் போடுகிற மனிதன். என் ஜீப்பில் உள்ளே இடம் இருந்தாலும் உட்கார மாட்டான். பின்னால் நின்றால்தான் காற்று வருகிறது என்பான். என் வயதுக்காரன்.

இப்போது பம்பர் ஆசையைச் சொல்கிறேன். முதலாளியின் ஷெட்டில் அவருடைய அப்பா காலத்துக் கார் ஒன்று நின்றது. முன்னும் பின்னும் குரோம் பம்பர். வாரம் ஒரு முறை அதைத் துணி போட்டுத் தேய்ப்பது என் வேலை. தேய்த்து முடித்துக் குனிந்தால் என் முகம் அதில் அகலமாக, கன்னம் உப்பித் தெரியும். மூன்று வேளையும் சாப்பிட்ட ஆள் மாதிரி இருக்கும். நம் வீட்டுக்கு ஒரு வண்டி வந்தால் அதில் இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று அப்போதே நினைத்துவிட்டேன். நினைத்ததை யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடம்கூட.

நீ புது வண்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்ற அன்றைக்கு நான் செய்த முதல் காரியம் பின் பம்பரைத் தட்டிப் பார்த்தது. "இன்னாடா இது, பக்கெட்டாட்டம் கீது?" என்றேன். நீ கோபப்படாமல், "இடிச்சா அது நொறுங்கணும்பா. அது நொறுங்குனாத்தான் உள்ள கீறவன் நொறுங்க மாட்டான். அதுக்குன்னே அப்படிச் செஞ்சுக்கீறாங்க" என்று விளக்கினாய். எனக்குக் காதில் ஏறவில்லை. மலை ரோட்டுக்கு என்று வாங்கிய வண்டிக்குப் பிளாஸ்டிக் வாயா என்றுதான் இருந்தது. நீ அருவி பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு கௌரவமாகப் பிழைக்க வாங்கிய வண்டி அது. அதில் என் ஆசையை மாட்டப் பார்த்தேன்.

முகூர்த்தத்துக்கு இருபது நாள் இருக்கும்போது நீயும் அம்மாவும் மலரும் துணி எடுக்கப் பஸ்ஸில் காஞ்சிபுரம் போனீர்கள். வண்டி வீட்டில் நின்றது. நான் அதைக் கள்ளக்குறிச்சியில் ஒரு பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பழைய மாடல் குரோம் பம்பர், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பட்டறைக்காரர் நல்ல மனிதர். பிடிவாதமாகச் சொன்னார். "அண்ணே, இது ஷோவுக்கு. குழாய வளச்சு முலாம் பூசினது. ஆளு கீளு ஏறக்கூடாது. பின்னால கீற சென்சாரயும் கயட்டணும், பரவால்லியா?" பரவாயில்லை என்றேன். "சேஸிஸ்ல வெல்டு வெச்சாத்தான் கெட்டியா நிக்கும்." வெல்டிங் வைத்தால் வாரண்டி போய்விட்டது என்று நீ கத்துவாய், வேண்டாம் என்றேன். "அப்ப கிளாம்பு போட்டு போல்ட்டுல நிறுத்தறேன். ஆடிகினுதான் இருக்கும். அப்பப்ப முடுக்கணும். போலீசு புடிச்சா என்னக் கேக்காதீங்க." அதற்கும் சிரித்தேன். "மலையில யாருய்யா புடிக்கப் போறான்?"

நீ திரும்பி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாய். அம்மா, "வெள்ளித் தட்டாட்டம் கீது" என்றாள். நீ குனிந்து கிளாம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாய். "கயட்டிடலாம்பா" என்றாய், மெதுவாக. "கல்யாணம் முடியட்டும்டா. பத்திரிகை வெக்கப் போறப்ப நாலு பேரு பாக்கட்டும்" என்றேன். என் முகத்தைப் பார்த்தாய். அதில் என்ன தெரிந்ததோ, இறங்கிவந்துவிட்டாய். "சரி, கல்யாணம் வரைக்கும். ஒருத்தரும் அது மேல ஏறக்கூடாது. லேசா சத்தம் வந்தாலும் அன்னிக்கே கயட்டிருவேன்." இந்தக் கடைசி வார்த்தையை நீ சொல்லியிருக்காவிட்டால் என்று எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன். உன் மேல் பழி போட ஒரு மூலை கிடைக்காதா என்று தேடியிருக்கிறேன் என்பதையும் எழுதும்மா என்றேன். எழுதிவிட்டாள்.

அன்றைக்கு வெள்ளிமலையில் பத்திரிகை வைத்துவிட்டுக் கல்யாண வீட்டுக்கென்று பலாப்பழம் வாங்கி, பின் சீட்டை மடக்கிக் கூரை வரைக்கும் அடுக்கினோம். நீ மேட்டுத் தெருவில் கடைசி வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போனாய். நான் வண்டியோடு நின்றேன். அப்போதுதான் வெள்ளையன் ஒரு துணிப்பையோடு வந்தான். பம்பரைப் பார்த்துவிட்டு, "இன்னா டிரைவரே, கண்ணாடியத் தூக்கி வண்டிக்கு மாட்டிகினு வந்துக்கிற? சீப்பு எங்க?" என்று குனிந்து தலையைக் கோதிக்கொண்டான். சிரித்தோம். ஆறு கிலோமீட்டர் கீழே இருக்கும் அவன் ஊருக்குப் போக வேண்டும் என்றான். உள்ளே இடமில்லை. அரை மணியில் பஸ் இருந்தது. நான்தான் சொன்னேன். "பின்னால ஏறி நில்லு. பையன் வர்றதுக்குள்ள. அவன் பாத்தா உட மாட்டான். நீ ரெண்டு தட்டு தட்டாத, நானே போலாம்னு சொல்லிக்கிறேன். உன் ஊரு வளைவுல மெதுவாப் போகச் சொல்றேன், எறங்கிக்க."

"தாங்குமா டிரைவரே?"

"நான் வெச்ச பம்பருய்யா."

அவன் காலில் மண் இருந்தது. பளபளப்பு கெட்டுவிடும் என்று துண்டால் இரண்டு பாதத்தையும் துடைத்துவிட்டு ஏறினான். பின் கதவில் மாட்டியிருக்கும் ஸ்டெப்னியை அணைத்துப் பிடித்துக்கொண்டான். ஏறும்போதே வலது பக்கம் ஒரு போல்ட் தலை லூசாக ஆடியதை நான் பார்த்தேன். இறங்கு என்று சொல்லியிருக்கலாம். மேட்டில் உன் சட்டை தெரிந்தது. நான் வேகமாக முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதனால் நன்றாகக் கேட்டுக்கொள். நீ பார்க்காமல் வண்டியை எடுக்கவில்லை. பக்கத்துக் கண்ணாடி இரண்டையும் பார்த்தாய். நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் சொல்கிறேன். ஸ்டெப்னியை ஒட்டி நடுவில் நிற்கிற ஆள் எந்தக் கண்ணாடியிலும் தெரிய மாட்டான். பின் கண்ணாடியில் பலாப்பழம்தான் தெரிந்தது. அங்கே ஒருவன் நிற்பான் என்று நினைக்க உனக்கு ஒரு காரணமும் இல்லை. இருந்த ஒரே காரணத்தை நான் மறைத்துவிட்டேன்.

மூன்றாவது வளைவு. ஏ.சி. ஓடுகிறது, கண்ணாடியெல்லாம் ஏற்றியிருக்கிறது, பாட்டு ஓடுகிறது. ஒரு தட்டு கேட்டது. ஒன்றே ஒன்று. நீ பாட்டைக் குறைத்தாய். "இன்னாப்பா சத்தம்? பின்னாடி யாரோ தட்டுனாப்ல கீது."

"கல்லு தெறிச்சுக்கும். போடா" என்றேன்.

இந்த இடத்தில் மலர் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "உனக்குக் கேட்டுச்சாப்பா?" என்றாள். கேட்டுச்சு என்றேன். "தட்டுன்னு தெரிஞ்சுதா, கல்லுன்னு நெனச்சியா?" என்றாள். விடமாட்டாள் என்றுதானே சொன்னேன். தெரிந்தது, குமரேசா. இருபத்திரண்டு வருஷம் அந்த ஒரு தட்டுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டியவன். தூக்கத்தில் கேட்டாலும் என் வலது கால் பிரேக்கைத் தேடும். அன்றைக்கும் தேடியது. என் பக்கம் பிரேக் இல்லை. வாய் இருந்தது. நிறுத்து என்று சொன்னால் நீ இறங்கிப் போய்ப் பார்ப்பாய், வெள்ளையனைப் பார்ப்பாய், லூசான போல்ட்டைப் பார்ப்பாய், அங்கேயே ஸ்பேனரை எடுத்துக் கழற்றி ரோட்டோரம் போட்டுவிடுவாய். களமருதூர்க்காரர்கள் பார்க்காமலே பம்பர் போய்விடும். இவ்வளவும் ஒரு வளைவைக் கடப்பதற்குள் என் மனசில் ஓடியது. இன்னும் கொஞ்ச தூரம்தானே, வெள்ளையன் எத்தனை வருஷமாக நிற்கிறவன், பிடித்துக்கொள்வான் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வளைவில் எதிரே ஏறி வந்த பஸ் டிரைவர் கையை வெளியே நீட்டிக் கத்தினார். நீ நிறுத்தி இறங்கிப் பின்னால் ஓடினாய். நான் இறங்கவில்லை. கதவை எப்படித் திறப்பது என்று எனக்கு மறந்துபோய்விட்டது. யாரோ வெளியிலிருந்து திறந்துவிட்டார்கள். பம்பரின் வலது பக்கம் கழன்று ரோட்டில் உரசியபடி தொங்கியது. வெள்ளையன் அந்த வளைவுக்குப் பின்னால் கிடந்தான். அவனுடைய துணிப்பையை நீ கையில் வைத்துக்கொண்டு நின்றாய்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வாக்குமூலம் எழுத வந்தபோது நான் கட்டில் தலைமாட்டில் நின்றேன். அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. "நானாத்தான் ஏறிக்கினேன் சாமி. தம்பிக்குத் தெரியாது. டிரைவருக்கும் தெரியாது" என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் குனிந்துகொண்டேன். போலீஸ்காரர் போன பிறகு கேட்டான். "ஒரு தட்டு தட்டுனேன் டிரைவரே. கேக்கலயா?"

"கேக்கல வெள்ளையா."

"கண்ணாடி மூடிகினு இருந்துச்சு. எங்க கேக்கப் போவுது" என்றான். எனக்கு வேண்டிய சமாதானத்தையும் அவனே சொல்லிக் கொடுத்தான். ஒன்பதாம் நாள் போய்விட்டான். அவனிடம் திருத்திச் சொல்ல எனக்கு எட்டு நாள் இருந்தது. தினமும் இட்லி வாங்கிக்கொண்டு போனேன், அதைச் சொல்லவில்லை.

இன்று காலையில் உன் கேஸைப் பார்க்கிற வக்கீலுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க ஏத்துனத வந்து சொல்லுங்க, எழுதிக்கலாம். ஆனா ஓட்டுனது உங்க பையன். அது மாறாது" என்றார். சொல்லத்தான் போகிறேன். கேஸ் அப்படியேதான் போகும் போலிருக்கிறது. அந்தப் பெண்ணின் கழுத்தில் ஏறிய தாலி ஏறியதுதான். வெள்ளையன் மனைவிக்குப் படிக்கத் தெரியாது; மலர் போய்ப் படித்துக் காட்டுகிறேன் என்கிறாள். நானும் கூடப் போகிறேன். அந்த அம்மா என்னைத் துடைப்பத்தால் அடித்தால் நல்லது. அடிக்க மாட்டாள் என்று பயமாக இருக்கிறது.

நாம் விற்ற வண்டியை வாங்கிக்கொண்டு போனவர் பழைய பிளாஸ்டிக் பம்பரையே மாட்டித் தரச் சொன்னார். குரோம் இரண்டும் வீட்டுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருக்கின்றன. பின் பம்பர் ஒரு பக்கம் நெளிந்து உரசியிருக்கிறது. மற்றது அப்படியே பளபளக்கிறது. கோழிகள் அதில் தங்களையே பார்த்துக் கொத்துகின்றன. காலையில் முகம் கழுவப் போகும்போது என் முகமும் தெரிகிறது. அகலமாகத்தான் தெரிகிறது. உன் அம்மா எடைக்குப் போடச் சொல்கிறாள். அதைத் தூக்கிக்கொண்டு போய் இன்னொருவன் வண்டியில் மாட்டிவிடுவானோ என்று கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் அப்பன் எழுதுகிற கடிதத்தில் ஒன்றாவது இருக்க வேண்டும். உனக்கு என்றைக்காவது ஒரு பிள்ளை பிறந்து, அவன் ஆசையாக ஒன்று வாங்கி வந்தால், அதில் உன் ஆசையைப் பொருத்தாதே. அவன் வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னால், அது உன் மேலுள்ள மரியாதையால் மெதுவாக வருகிறது என்று புரிந்துகொள். நீ சத்தமாகச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்றால், தெரியவில்லை. இன்னொன்று: நடந்து போகிறாயே, அதை நிறுத்து. நீ நல்ல டிரைவர். என்னைவிட நல்ல டிரைவர். சத்தம் கேட்டதும் பாட்டைக் குறைத்தவன் நீ.

இதோடு முடித்துவிடலாம் என்று மலரிடம் சொன்னேன். அவள் பேனாவை மூடவில்லை. கீழே பார்த்துக்கொண்டே, "அண்ணன் ஓசூருக்குப் போறப்ப பஸ்ஸ்டாண்டுல என்ன ஒண்ணு கேட்டுச்சுப்பா. அப்ப எனக்குப் புரியல" என்றாள். என்ன கேட்டான் என்றேன். "'அப்பாவுக்குக் காது நல்லாத்தானே கேக்குது மலரு?'ன்னுச்சு. நல்லா கேக்குதே, ஏண்ணா இப்படிக் கேக்கறன்னேன். ஒண்ணுமில்லன்னு பஸ் ஏறிடுச்சு."

அப்படியென்றால் உனக்குத் தெரியும். கல் இல்லை என்று அன்றைக்கே தெரியும். போலீசிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. 'பார்க்காமல் எடுத்தவன் நான்' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, நான் வாயைத் திறப்பேனா என்று எட்டு மாதம் பார்த்திருக்கிறாய். ஏழு வயதில் வைத்தது போல இன்னொரு பரீட்சை. இந்த முறை நான் நிற்கவில்லை.

இவ்வளவு நீளமாக எழுதி, உனக்குத் தெரியாத ஒன்றையும் நான் சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறது. மலர் கிழித்துவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், அண்ணன் கேட்ட கேள்விக்கு மட்டும் கடைசியில் பதில் எழுதிவிடு என்றேன்.

எனக்குக் காது நன்றாகக் கேட்கும், குமரேசா. அன்றைக்கும் கேட்டது.

அப்பா